அறுபது பஸ், நாற்பத்து மூன்று புள்ளி

"நிறுத்துங்கண்ணே! மெஷினை நிறுத்துங்க!"

பிரிண்டிங் கடையின் கண்ணாடிக் கதவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள் அவள். ஒரு செருப்பு வாசற்படியிலேயே கழன்று நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. மணி ஒன்பது நாற்பது.

உள்ளே, பெரிய மெஷின் ஆளுயர பானர் ஒன்றை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் வந்துவிட்டது. அத்தனையும் பச்சை. நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு பஸ். அதற்கு மேல் பூசணிக்காய் பருமனுக்கு ஓர் எண்: 0.7.

கடைக்காரர் பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். மெஷின் ஒரு முனகலோடு நின்றது.

"என்ன தங்கச்சி, காலங்காத்தால கரெண்ட் ஷாக் அடிச்ச மாதிரி வர்றே?"

"நீங்கதானே போட்டோ எடுத்து அனுப்பினீங்க, 'ஓகேவா'ன்னு? பஸ்ல வரும்போது பார்த்தேன். வழியிலேயே இறங்கி ஓடி வர்றேன். இது என் படமே இல்லைண்ணே!"

"உன் படம்தான். கீழே உன் பேரு இருக்கு பாரு."

இருந்தது. மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அவள் பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

"யாரு மாத்தச் சொன்னா?"

"உங்க மேலாளர்தான். ராத்திரி போன் பண்ணினார். புள்ளி புள்ளியா இருக்கு, பார்த்தா அம்மை போட்ட மாதிரி இருக்கு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் பளிச்சுனு ஒரு நம்பர் மட்டும் போடுன்னார். கம்பெனி ஆர்டர், கம்பெனி பில். நான் என்ன செய்யட்டும்?"

ஒரு தனியார் பஸ் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்தாள் அவள். நேர அட்டவணை, 'படியில் பயணம் செய்யாதீர்' ஸ்டிக்கர், புதுத் தடத்துக்கு நோட்டீஸ், எல்லாம் அவள் வடிவமைப்பதுதான். ஒல்லி, நெட்டை. அரை சென்டிமீட்டர் கோணினாலும் விடமாட்டாள். அதனால் ஆபீஸில் அவளுக்கு 'ஸ்கேல்' என்றே பெயர். வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

பதினோரு மணிக்கு விசாரணை.

நான்கு மாதத்துக்கு முன்பு கம்பெனி பஸ் ஒன்று இறக்கத்தில் நிற்காமல் போய் நிழற்குடையில் மோதியது. வேலைக்குப் போக நின்றிருந்த ஆசிரியை ஒருவர் அங்கேயே இறந்துபோனார். டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்றது கம்பெனி. பிரேக் பிடிக்கவில்லை, பல தடவை எழுதிக் கொடுத்தேன் என்றார் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்த மனிதர். கம்பெனி சொல்வதை விசாரணை அதிகாரி நம்பினால் வேலை போகும். வேலையோடு போகாது, உயிரிழப்புக் கேஸும் தலையில் விழும்.

கம்பெனி தன் பக்கத்தை ஒரே படத்தில் காட்டப்போகிறது. அந்தப் படத்தை வரையும் வேலைதான் ஸ்கேலிடம் வந்திருந்தது. கம்பெனி செலவிலேயே மூன்று மாதம், புள்ளிவிவரத்தைப் படமாக்கும் இன்ஃபோகிராஃபிக் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவள் ஆயிற்றே!

"ஒரு வருஷத்து பிரேக் புகார் மொத்தம் நாற்பத்து மூணு சீட்டு. பெட்டியில இருக்கு. அறுபது பஸ்ஸுக்கு நாற்பத்து மூணு. ஒரு பஸ்ஸுக்கு ஒண்ணுகூட வரல பாரு! அதை அழகா, கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு படம் ஆக்கிக் கொடும்மா" என்றார் மேலாளர். அவர் சொன்ன கணக்கில் தப்பே இல்லை. அதுதான் வேடிக்கை.

பெட்டியை அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவன் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரம். சீட்டுகள் தேதி வாரியாக, மாதத்துக்கு ஒரு கட்டாக, ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. அந்த ஆபீஸில் காகிதம் என்றாலே தேதி வாரிதான். பிறந்ததிலிருந்து அப்படித்தான், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பஸ் எண் சீட்டின் கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கும்.

முதலில் மாத வாரியாகப் பட்டை வரைந்தாள். ஜனவரி மூன்று, பிப்ரவரி நான்கு, மார்ச் மூன்று. எல்லாப் பட்டையும் ஒரே உயரத்தில் சமர்த்துப் பிள்ளைகளாக நின்றன. ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பில் பாடம் எடுத்த பெண்ணுக்கு இவளைவிடப் பத்து வயது குறைவு. எப்போதும் காதில் ஒரு பென்சில். முதல் நாளே சொன்னாள்: "அக்கா, கலர் அப்புறம். ஐகான் அப்புறம். முதல்ல ஒரே ஒரு கேள்வியை எழுதுங்க. கேள்வி மாறினா அடுக்கு மாறும். அடுக்கு மாறினாத்தான் விஷயம் வெளியே வரும்."

ஸ்கேல் ஒரு தாளில் 'எப்போது?' என்று எழுதி, அடித்தாள். 'எத்தனை?' என்று எழுதி, அதையும் அடித்தாள். அப்புறம் எழுதினாள்: 'எந்த பஸ்?'

கூடத்துத் தரையில் சாக்பீஸால் அறுபது கட்டம் போட்டாள். கட்டத்துக்கு ஒரு பஸ். ஒவ்வொரு சீட்டாக எடுத்து மூலையில் இருந்த எண்ணைப் படித்து, அந்தக் கட்டத்தில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்தாள். பொத்தான் டப்பா நாத்தனாருடையது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு, அண்ணி ஆபீஸில் 'ஏதோ எழுதுகிற வேலை' பார்க்கிறாள் என்று தெரியும், அதோடு சரி.

"அண்ணி, இது குடும்பம் நடத்துற வீடா, பஸ் டிப்போவா? ஒரு பொத்தான் குறைஞ்சாலும் அண்ணன் சட்டையிலதான் பிய்ப்பேன், சொல்லிட்டேன்."

"வாயை மூடிட்டு எண்ணிக் கொடு."

இருபதாவது சீட்டு வரை வாய் மூடவில்லை. அதற்கு மேல் தானாகவே மூடிக்கொண்டது. நாற்பத்தொன்பது கட்டம் காலி. பத்துக் கட்டத்தில் ஒன்றோ இரண்டோ பொத்தான். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் இடம் போதாமல் பொத்தான்கள் கோட்டைத் தாண்டி வழிந்து கிடந்தன.

முப்பத்தொன்று.

"இது எந்த பஸ் அண்ணி?"

"நிழற்குடையில மோதினது."

நாத்தனார் மெஷினை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தாள். "அப்போ ஒரு பஸ்ஸுக்கு ஒண்ணுகூட வரலேன்னு உங்க ஆபீஸர் சொன்னது?"

"மொத்தத்தைப் பங்கு போட்டுச் சொன்னார்."

"நல்ல பங்குதான்! அண்ணன் ரெண்டு தட்டு சாப்பிட்டு ஏப்பம் விடறான், நான் பட்டினி கிடக்கறேன். ஆளுக்கு ஒரு தட்டுன்னு கணக்கு எழுதிட்டா என் வயிறு நிறைஞ்சிடுமா? முப்பத்தொரு தடவை எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒருத்தர் கண்ணுலகூடவா படல? பாவிங்க!"

ஸ்கேல் ஒரு சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தரைதான் படம் ஆயிற்று. சாம்பல் நிறத்தில் அறுபது குட்டி பஸ்கள், ஒரு புகாருக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மேலே 'எந்த பஸ்?' என்ற கேள்வி மட்டும். வியாழக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது மேலாளரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "அருமை. நானே கடைக்கு அனுப்பிடறேன்" என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"0.7 புகார்னா என்னண்ணே?" பச்சை பானரைக் கையால் தட்டினாள் அவள். "ஒருத்தர் முக்கால்வாசி புகாரை எழுதிட்டு எழுந்து போயிட்டாரா? செத்தவங்களையும் இப்படிப் பங்கு போடுவாரா எங்க மேலாளர்? அறுபது பஸ்ஸுக்கு ஒரு சாவு, பஸ்ஸுக்கு 0.02 டீச்சர்னு?"

கடைக்காரர் பானரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த டீச்சர்..." என்றார் கடைசியில். "என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தவங்க."

"என் பழைய ஃபைல் இருக்கா?"

"இருக்கு."

"அடிங்க."

"உங்க மேலாளர் என்னை வெட்டிப் போடுவாரு."

"என்னை வெட்டின பிறகுதான் உங்ககிட்ட வருவாரு. அடிங்கண்ணே!"

அவர் பச்சையை ஒரே இழுப்பில் கிழித்தார். பஸ்ஸின் சிரித்த முகம் இரண்டாகப் பிளந்தது.

விசாரணை அறையில் இருபது பிளாஸ்டிக் நாற்காலி, கிரீச்சிடும் மின்விசிறி, மூலையில் ஒரு ஸ்டாண்டு. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. ஐம்பதைத் தாண்டிய அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு பக்கம் மேலாளர், மறுபக்கம் டிரைவர். டிரைவர் தன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, யாருடைய வண்டியிலோ பயணியாக வந்தவர் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"லேட் பண்ணிட்டியேம்மா ஸ்கேல். மாட்டு, மாட்டு" என்றார் மேலாளர், முகம் எல்லாம் பல்லாக.

அவள் சுருளை மாட்டி இழுத்துவிட்டாள்.

பல் மறைந்தது. சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தவர், இருமுவது போலக் குனிந்து அவள் காதருகே சீறினார். "முட்டாள்! உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் பச்சை போடச் சொன்னேன்."

அவள் அவரைத் தாண்டிப் போய் ஸ்டாண்டின் அருகில் நின்றாள்.  

"மேடம், இதுல இருக்கறது அறுபது பஸ். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிரேக் புகார். மொத்தம் நாற்பத்து மூணு. அறுபதால வகுத்தா பஸ்ஸுக்கு ஒண்ணுகூட இல்லேன்னுதான் வரும். வகுக்காம பாருங்க."

அதிகாரி எழுந்து வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனா முனையால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முப்பத்தொன்றில் பேனா நின்றது. 

"இந்த பஸ்தான் மோதின பஸ்ஸா?"

"ஆமாம் மேடம்."

அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினார். "காலையில எனக்குக் கொடுத்த அறிக்கையில 0.7னு எழுதியிருக்கீங்க."

"மொத்த எண்ணிக்கை சரிதானுங்களே" என்றார் மேலாளர். தொண்டையைச் செருமினார். சட்டென்று அவருக்குப் புது வழி ஒன்று கிடைத்துவிட்டது. "ஆனா மேடம், ஒரே பஸ்ஸுக்கு முப்பத்தொண்ணு! நம்புற மாதிரியா இருக்கு? இதுல பத்தொன்பது சீட்டு இந்த டிரைவர் கையெழுத்து. விபத்து நடந்த பிறகு, தன்னைக் காப்பாத்திக்க, பழைய தேதி போட்டு எழுதிப் பெட்டியில செருகியிருக்கலாம் இல்லையா?"

டிரைவர் பாதி எழுந்தார். "ஐயையோ, சத்தியமா இல்லம்மா! அப்பப்போ கொடுத்ததுதான்."

"அப்படின்னா வாங்கினது யாரு?" மேலாளர் சீட்டுக் கட்டை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். "பின்பக்கம் 'பெற்றுக்கொண்டேன்'னு சீல் இருக்கு. கீழே ஒரு கிறுக்கல். யாரோடதுன்னு யாரும் இதுவரைக்கும் வந்து சொல்லல. ஆள் இல்லாத கையெழுத்துக்கு என்ன மதிப்பு மேடம்?"

அவர் அதிகாரியிடம் பேசினாலும் கண் ஸ்கேல்மீதுதான் இருந்தது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. ஜெயித்துவிட்டவனின் நிதானம் இருந்தது.

அதிகாரி ஒரு சீட்டைப் புரட்டிப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. எல்லாவற்றிலும் அதே கிறுக்கல்.

"இது யாருன்னு தெரியலேன்னா, இந்தப் படத்தை நான் கணக்கில எடுத்துக்க முடியாது" என்றார். பிறகு டிரைவரிடம், "சீட்டை யாருகிட்ட கொடுத்தீங்க?"

டிரைவர் தலை நிமிர்ந்தார். பார்வை அறையைச் சுற்றி வந்து, ஸ்டாண்டின் அருகில் நின்றவளின் முகத்தில் ஒரு நொடி தங்கியது. ஒரே ஒரு நொடி. பிறகு தரைக்குப் போய்விட்டது.

"கவுண்டர்ல கொடுத்தேம்மா."

"கவுண்டர்ல யாரு?"

"கூட்டமா இருக்கும்மா. ஞாபகம் இல்ல."

"பத்தொன்பது தடவை கொடுத்திருக்கீங்க. ஒரு முகம்கூடவா ஞாபகம் இல்ல?"

"இல்லம்மா."

பொய். அப்பட்டமான பொய். தன் கழுத்தில் கத்தி இருக்கும்போது, அந்த மனிதர் இன்னொருவருக்காகச் சொன்ன பொய்.

மேலாளர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார். அதிகாரி பேனாவின் மூடியைத் திருகி மூடப் போனார்.

"மேடம், ஒரு நிமிஷம்."

ஸ்கேல் மேஜைக்கு வந்தாள். அங்கே கிடந்த வெள்ளைத் தாளை இழுத்து, அதிகாரியின் கையிலிருந்த பேனாவையே வாங்கி, ஒரு கிறுக்கல் போட்டாள். அதைச் சீட்டுகளின் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"விபத்து நடக்கிற வரைக்கும் புகார் கவுண்டர்ல இருந்தது நான்தான். அடுத்த வாரமே என்னை விளம்பரத்துக்கு மாத்தி, வகுப்புக்கு அனுப்பினார் மேலாளர் சார். முப்பத்தொண்ணையும் இந்தக் கையாலதான் வாங்கினேன். சீல் அடிச்சேன், தேதி வாரியா கட்டி வெச்சேன். மாசக் கடைசியில எத்தனை சீட்டுன்னு மட்டும் சாருக்குச் சொன்னேன். எந்த பஸ்ஸுன்னு அவரும் கேக்கல. நானும் பார்க்கல."