இரண்டாவது சாட்சி

மாலை மஃரிப் தொழுகை முடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கல்முனையில் தன் வீட்டு மேல்தட்டில், தொலைநோக்கியோடு பொருத்திய கணினித் திரையையே ஸுல்பிகா பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே வயல்களுக்கு மேல் தாழ்ந்து நின்ற ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் ஓரத்தில், பழைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

அன்று பகல்தான் விண்வெளி அதிர்வுகளைக் கேட்கும் ஈர்ப்பலை நிலையங்களிலிருந்து உலகமெங்கும் அறிவித்தல் போயிருந்தது. எங்கோ தொலைவில், செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் மோதியிருக்கின்றன. அந்த நிலையங்கள் காது மாதிரி. எந்தப் பக்கம் என்று சொல்லும், எந்த இடம் என்று சொல்லாது. மோதலில் பிறந்த வெளிச்சம் சில நாட்களில் அணைவதற்குள் அதைக் கண்தான் தேடிப் பிடிக்க வேண்டும். தேடியவர்களில் இந்தக் கரையோரத்து மூன்று பேரும் அடக்கம்: விஞ்ஞானம் படிப்பிக்கும் ஸுல்பிகா, சாய்ந்தமருதில் மருந்துக்கடை வைத்திருக்கும் றிபாத், காரைதீவு நிரோசன். நிரோசனின் தொலைநோக்கி மோட்டார் எரிந்து கிடந்தது. புள்ளியை முதலில் கண்டவன் றிபாத்.

ஆனால் கண்டது மட்டும் போதாது. "நோன்புப் பிறைக்கே சாட்சி கேக்கிறம், இதுக்கு வேணாமா?" என்று தங்கள் கைபேசிக் குழுவில் விதி போட்டவனே அவன்தான். இரண்டாமவர் தன் கருவியில் பார்த்துச் சொல்லாமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை. இன்று அந்த இரண்டாமவர் ஸுல்பிகா.

அந்த விதியால்தான் போன வருடம் அவள் அடிபட்டாள். வெடித்த நட்சத்திரம் ஒன்றை அவள் முதலில் கண்டு சாட்சி கேட்டபோது, அவளை அக்கா முறையில் ராத்தா என்று அழைக்கும் றிபாத் எழுதினான்: "பார்த்தேன். ஒன்றும் இல்லை. ராத்தாட கண்ணாடியில கொசு இருந்திருக்கும்." குழு சிரித்தது. அவளும் நம்பிவிட்டாள். இரண்டாம் நாள் வேறு நாட்டவர் பெயரில் அது வெளிவந்தது. பிறகொரு நாள் றிபாத்தின் மனைவி சிபானா, கள்ளமில்லாமல், அன்று இரவு தாங்கள் மருதமுனையில் ஒரு வலிமா கல்யாண விருந்தில் இருந்த கதையைச் சொன்னாள். அவன் தொலைநோக்கியைத் திறக்கவே இல்லை!

அன்றிலிருந்து ஸுல்பிகா இந்த மாலைக்காகத்தான் காத்திருந்தாள். "பார்த்தேன். ஒன்றும் இல்லை" என்று அதே சொற்களைத் தட்டினாள்; இன்னும் அனுப்பவில்லை. இன்னும் கால் மணித்தியாலத்தில் அந்தக் கூட்டம் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிடும். பிறகு ஆபிரிக்காவில் இருட்டும். அங்குள்ளவர்கள் கண்டுபிடித்துப் பெயர் எழுதிக்கொள்வார்கள். எரியட்டும் அவனுக்கும்.

தொலைபேசி அடித்தது.

"ராத்தா, இரிக்கா?" றிபாத்துக்கு மூச்சு வாங்கியது.

"பொறு தம்பி. பாக்கிறன்தானே."

"கெதியாப் பாருங்க. மேலயும் கீழயும் ஏறி இறங்கி காலும் ஓஞ்சி பெய்த்து. சிபானா எனக்கு விசர் எண்டு சொல்றா."

"அவ சரியாத்தான் சொல்றா."

அவன் சிரித்தான். பிறகு குரல் தாழ்ந்தது. "ராத்தா, இல்லாட்டி இல்லண்டு சொல்லுங்க. நீங்க சொன்னா அது சரி. நான் திருப்பிப் பாக்கவும் மாட்டன்."

அழைப்பை வைத்த பிறகு அவளுக்கு ஆத்திரம் கூடியது. திட்டியிருந்தால் அனுப்பியிருப்பாள். பாவி, நம்புகிறான். அன்று அவனுடைய பொய்யை அவள் நம்பினாளே, அதே மாதிரி. சாட்சியை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று குர்ஆனில் ஓதிய வாயோடு அவள் அந்த ஒற்றை வரியைப் பார்த்தாள். அது றிபாத்தின் வரி. அவளுடையதல்ல.

அழித்தாள். படத்தையும் நேரத்தையும் இணைத்து, குழுவுக்கே எழுதினாள்: "புள்ளி உண்டு. முதலில் கண்டவர் றிபாத். இரண்டாவது சாட்சி ஸுல்பிகா. உடனே வெளியே அனுப்புங்கள்."

ஆனால் அவளும் மனுசிதானே. அவனுக்கு மட்டும் தனியாக இன்னொன்று அனுப்பினாள்: "மாஷா அல்லாஹ் தம்பி. அதுசரி, அண்டைக்கு மருதமுனை வலிமாச் சோறு எப்பிடி?"

அவன் எழுதுவதும் நிறுத்துவதும் திரையில் தெரிந்தது. இரவுத் தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொன்னது. தொலைநோக்கியை மூடிவிட்டு அவள் கை கால் கழுவி வுழூ செய்யப் போனாள்.

தொழுது வந்து பார்த்தபோது செய்தி இருந்தது. அவளுக்கல்ல, குழுவுக்கு.

"போன வருசம் ராத்தா கேட்டபோது நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன் என்றது பொய். கொசு என்ட கண்ணிலதான்."

ஸுல்பிகா அதை மூன்று தரம் வாசித்தாள். முதல் இரண்டு தரமும், அல்லாஹ் மன்னிக்கட்டும், அவளுக்கு நல்ல ருசியாகவே இருந்தது. மூன்றாம் தரம் வாசித்தபோது, அவன் அதை எத்தனை தரம் அழித்து அழித்து எழுதியிருப்பான் என்று நினைத்தாள்.

"நாளைக்கும் பாக்கணும். றிபாத், நிரோசன், ரெண்டு பேரும் என்ட வீட்டுக்கு வாங்க," என்று குழுவில் எழுதினாள். "சோறு நான் தாறன்."