சின்னராணிக்கு வக்கீல்

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், ஆறு குடித்தனங்கள் இருந்த அந்த லைன் வீட்டில், ஃபக்ருதீன் வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் போதும், மற்ற ஐந்து வீடுகளும் தொடர் பார்க்க அங்கே வந்து உட்கார்ந்துவிடும். படம் பளிச்சென்றுதான் தெரியும். ஆனால் பேசுவது இந்தி. கம்பெனியில் கொஞ்சம் இந்தி பழகியிருந்த ஃபக்ருதீனோ இரவு ஷிப்ட் முடித்துவிட்டு உள் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

அதனால் எல்லாருக்கும் அவர் மனைவி ரோஷன் பீதான் கதி. பெங்களூர் சிவாஜி நகரில் உருது பேசி வளர்ந்தவள், அதனால் இந்தியும் புரியும். எட்டு மாதத்துக்கு முன்புதான் இரண்டாம் தாரமாக இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வசனத்தை எல்லாம் தமிழில் சொல்லுவாள். அவள் இருமினால்கூட அதுவும் கதையில் வருகிறதா என்று கேட்பார்கள்.

இந்த மரியாதையெல்லாம் வெளி ஆட்களிடம்தான். முதல் தாரத்தின் மகள் காத்தூனுக்குப் பத்து வயது. எதிர்த்துப் பேச மாட்டாள், போட்டதைச் சாப்பிடுவாள், ஆனால் ரோஷன் பீயை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பசித்தால் சுவரைப் பார்த்து "பசிக்குது" என்பாள். ஒரு தடவை அம்மா என்று கூப்பிட மாட்டாளா என்று ரோஷன் பீ ஏங்கிக்கொண்டிருந்தாள். ஏக்கத்தை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

அந்தத் தொடர் பழைய ராஜா ராணிக் கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு தலைகீழாகச் சொல்லும். ஒரு வாரம் ராட்சசன் வெறும் கீரை தின்கிற சாதுவாக வந்தான். இன்னொரு வாரம், காப்பாற்ற வந்த இளவரசனைப் பார்த்து இளவரசி "உன்னை யார் கூப்பிட்டது?" என்று கேட்டாள். கம்பெனிக்குப் போகிற ராஜாத்தி அதைக் கேட்டுக் கைதட்டிச் சிரித்தாள். வீட்டுக்கார சரோஜம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ராட்சசன் நல்லவன்னா, அப்பறம் புள்ளைங்களுக்கு எதச் சொல்லிச் சோறு ஊட்டறது? கதையையே கெடுக்கறானுங்க" என்றார். ஆனால் மறு வாரம் எல்லாருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்தவரும் அவர்தான்.

ரோஷன் பீக்கும் மனது இரண்டாகத்தான் இருந்தது. சின்ன வயதில் கேட்ட கதைகளை இப்படிப் பிய்த்துப் போடுகிறார்களே என்று ஒரு பக்கம் எரிச்சல். மறுபக்கம், இவர்கள் கையால் கெட்டவர்களுக்கெல்லாம் நல்ல பேர் கிடைக்கிறதே என்று ஒரு நப்பாசை. அடுத்து வரப்போவது சின்னராணி கதை, அதாவது மாற்றாந்தாய் கதை என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவைத்தாள், காத்தூன் குடத்தோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான்.

"பாருங்க, இதுல சின்னராணிதான் நல்லவ. இவங்கதான் எல்லாத்தையும் மாத்திடறாங்களே."

ஞாயிறு வந்தது. கதையை மாற்றத்தான் மாற்றியிருந்தார்கள். மூத்த ராணியின் மகளுக்குக் கத்தி வீசக் கற்றுக்கொடுத்துக் குதிரையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆனால் ராட்சசனுக்கு இரக்கப்பட்ட, தொடரை எடுத்த அந்த மகராசன் சின்னராணிக்கு இரக்கப்படவில்லை. அவள் மோதிரத்தைத் திறந்து பச்சைப் பொடியைப் பாலில் கொட்டினாள். இன்றோடு இவள் கதை முடிந்தது என்று இந்தியில் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

எல்லாரும் ரோஷன் பீயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்தூனும்.

"புள்ளைக்குக் காய்ச்சல். பால்ல மருந்து கலந்து குடுக்கறா" என்றாள்.

"எதுக்குச் சிரிக்கறா?" என்றாள் ராஜாத்தி.

"காய்ச்சல் எறங்கிடும்ல. அதான்."

பாலைக் குடித்த பெண் தடாலென்று விழுந்தாள். நல்லாத் தூங்கட்டும் என்று சொல்லிச் சமாளித்தாள் ரோஷன் பீ. அதோடு விட்டார்களா? நாலு ஆட்கள் வந்து பெண்ணைத் தூக்கிப் போய்ப் படகில் கிடத்தி, ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

சரோஜம்மாள் மெதுவாகத் திரும்பினார். "ஏம்மா ரோஷன், மருந்து குடிச்சுத் தூங்கற புள்ளைய என்னாத்துக்கு ஆத்துல தள்ளறாங்க?"

ரோஷன் பீக்கு இந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"வைத்தியரு ஆத்துக்கு அந்தாண்ட இருக்கறாராம்" என்று ஒரு குரல் கேட்டது. காத்தூன்தான். "எங்கம்மா சொல்றது சரிதான் பெரியம்மா. நடுவுல பேசாதீங்க, ஒண்ணும் கேக்கல."

அதற்குப் பிறகு கதையில் என்ன நடந்தது என்று ரோஷன் பீக்கே தெரியாது. வாய் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் அடுத்த வாரத்துக் காட்சியைக் கொஞ்சம் காட்டினார்கள்: சின்னராணியைக் கழுதைமேல் உட்காரவைத்து ஊரே பின்னால் போய்க்கொண்டிருந்தது. "இது என்னான்னு அடுத்த வாரம் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சரோஜம்மாள் எழுந்து போனார்.

வீடு காலியானதும் ரோஷன் பீ காத்தூனைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்கு இந்தி தெரியாதே."

"நீங்க அடுப்புக்கிட்ட உருதுல பேசுவீங்கல்ல. எட்டு மாசமாக் கேட்டுட்டுத்தான இருக்கறேன்."

ரோஷன் பீக்குத் தூக்கிவாரிப்போட்டது. புரியாது என்கிற தைரியத்தில் அடுப்பிடம் என்னவெல்லாம் புலம்பியிருக்கிறாள். "எல்லாமே புரிஞ்சுதா?"

"எல்லாமே. நான் பிடிவாதக்காரின்னது, என் முடி அழகுன்னது, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அழுதது. பால்ல வெசம் வெச்சதும் புரிஞ்சுது."

"அப்பறம் ஏன்டி எனக்காகப் பொய் சொன்ன?"

"அந்த டிவிக்காரனுக்கு என்னா தெரியும்?"

ரோஷன் பீ முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரம் அந்தக் கழுதைக்கு என்ன சொல்றது?" என்றாள்.

காத்தூன் கொஞ்சம் யோசித்தாள். "திருவிழான்னு சொல்லிடலாம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஷன் பீ சோற்றைக் குழையவிட்டாள். தூங்கி எழுந்து வந்த ஃபக்ருதீன் ஏன் என்று கேட்டதற்கு, தாயும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, அரிசி சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.