வலது திருப்பம்

என் சகலை பல் டாக்டர். மனைவியின் அக்காவைக் கட்டியவர். பல்லைப் பிடுங்குகிற மனிதருக்குக் காரில் என்ன வேலை என்று நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கார்களுக்கு பெயிண்ட் அடிப்பது என் தொழில். மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் ட்ராக்கில் கார் ஓட்டுகிறவள். சுற்று முடித்து வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "என்னங்க, பின்னாடி வாலாட்டுது", "பிரேக்க மிதிச்சா மூக்கு கவுறுது" என்பாள். நான் ஸ்பானரை எடுப்பேன். கொஞ்சிப் பேசுகிற ஜோடியில்லை நாங்கள். எங்களுக்கு இருந்த கொஞ்சல் அதுதான்.

சகலை அதே மாடல் கார் வாங்கினார். அன்றிலிருந்து மூக்கையும் வாலையும் போனில் அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

வேகமாகத் திருப்பினால் வண்டியின் பாடியே முறுக்கிக்கொள்கிறது என்று இந்த முறை அவள் குறைப்பட்டாள். முறுக்கிக்கொள்ளாமலிருக்க பிரேஸ், பார் என்று இரும்புத் தண்டுகளைக் குறுக்கே பூட்டுவார்கள். எதைப் பூட்டுவது என்று பேச சகலை வீட்டுக்கே வந்துவிட்டார். அழைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

"மொதல்ல அடியில ஒரு பிரேஸ் போடணும் சகலை. பல்லு ஆடுதுன்னா ஈறத்தான் பாக்கணும்" என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் ஜோக் ஒன்றுக்காவது இப்படிச் சிரித்திருக்கிறாளா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"மேல போடற பார்தான் முக்கியம்" என்றேன். எஞ்சினுக்கு மேலே, இரண்டு பக்கமும் சக்கரத்து ஸ்பிரிங் வந்து முட்டுகிற மேடைகளை இணைக்கிற பார். பளபளவென்று ரத்தச் சிவப்பில் கிடைக்கிறது. பானெட்டைத் திறந்தால் எவன் கண்ணிலும் படும். அடியில் போடுவதை நாய்தான் பார்க்கும்.

"ரெண்டையும் போட்டுடலாமே மாமா" என்றாள் அவள் அவரிடம். என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை வீட்டு ஷெட்டில் வண்டியின் இடது பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, மல்லாந்து அடியில் நுழைந்தேன். அவர் தேர்ந்தெடுத்த பிரேஸ் ஓட்டைக்கு ஓட்டை அச்சாகப் பொருந்தியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்து என் சிவப்பு பாரையும் மேலே வைத்து போல்ட்டுகளைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது அவள் போனும் கையுமாக வந்தாள்.

"என்னங்க, மாமா லைன்ல இருக்காரு. போல்ட்ட இப்பவே இறுக்கிடாதீங்க. வண்டிய இறக்கி, நாலு சக்கரமும் தரையில நின்னப்புறம்தான் இறுக்கணுமாம். ஒரு பக்கம் தூக்கியிருக்கறப்ப இறுக்குனா அந்தக் கோணலோடயே இறுகிடுமாம்."

"தெரியும்" என்றேன்.

தெரியும்தான். இறக்கிவிட்டு இறுக்கத்தான் இருந்தேன். ஆனால் அவர் சொல்லிவிட்டாரே! அவள் உள்ளே போனதும் ஒரு பக்கம் தூக்கிய நிலையிலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலும் கீழும் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். ஒரு நூல் கோணலில் என்ன குடிமுழுகிவிடும்?

மறுநாள் ட்ராக்கில் சுற்று முடித்து வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். "சூப்பர்ங்க. அருமையா இருக்கு." அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த சகலை டயர் அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்றார்; அவள் அவரிடம்தான் போனாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். ஆமாம், ஒட்டுக்கேட்டேன்.

"இடது திருப்பத்துல வெண்ணெய் மாதிரி போகுது மாமா. வலதுல திருப்பினா மூக்கு உள்ள வரவே மாட்டேங்குது. சுவத்துல போய் மோதியிருப்பேன்."

"ஐயோ! அவர்கிட்ட சொன்னியா?"

"எப்படி மாமா சொல்றது? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அப்புறம் ரெண்டு நாள் வீட்டுல யாரு இருக்கறது? அதுக்கு அந்தச் சுவரே தேவல."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. அவள் சுவரில் மோதியிருப்பாள் என்பது முதலில் உறைக்கவில்லை. எனக்குப் பொய், அவருக்கு உண்மை என்பதுதான் முதலில் உறைத்தது. அப்படிப்பட்டவன் நான்.

நேராகப் போய் பானெட்டைத் திறந்தேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். முதல் போல்ட்டைத் தளர்த்தியதும் பார் டங்கென்று ஒரு துள்ளு துள்ளி விலகி நின்றது. எப்படி இறுக்கியிருந்தேன் என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிட்டது.

"பரவால்ல சகலை, எனக்கும் இப்படி ஆயிருக்கு" என்றார் அவர். பொய். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அதற்குப் பதில் எகத்தாளமாக நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதரைக் கொஞ்சமாவது எனக்குப் பிடித்திருக்கும்.

கீழேயும் தளர்த்தி, தரையில் நின்ற வண்டியில் எல்லாவற்றையும் புதிதாக இறுக்கினேன். எழுந்து அவளிடம் சொன்னேன்: "மெதுவா ஒரு ரவுண்டு போய்ட்டு வா. எப்படி இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். நாங்கள் இரண்டு சகலைகளும் வேலியோரம் நின்றோம். வலது திருப்பத்தில் வண்டி மறைந்து, வெளிப்பட்டு, திரும்பி வந்து எங்கள் எதிரில் நின்றது.

கண்ணாடியை இறக்கினாள். என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"இப்ப சரியாயிடுச்சுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போகுது."

நம்ப வேண்டும் என்று எவ்வளவோ ஆசை. ஆனால் அது உண்மைதானா என்று தெரிந்துகொள்ள, என்னையும் அறியாமல், நான் சகலையின் முகத்தைத்தான் பார்த்தேன்.