அறுபது வசவு

தொண்டையில் கட்டி. முப்பது நாள் கதிர்வீச்சு. கெட்டியான வலை முகமூடியை முகத்தில் அழுத்தி மேசையோடு பூட்டுவார்கள். பத்து நிமிடம் அசையக் கூடாது. முதல் இரண்டு முறையும் பாதியில் கையைத் தூக்கி நிறுத்த வைத்துவிட்டேன்.

மூன்றாவது முறையும் தவறினால் தினமும் மயக்க ஊசிதான் என்றார் மருத்துவர். முடியாது என்றேன். என் உடம்பில் நடப்பது எனக்குத் தெரிய வேண்டும்.

பதற்றத்தை அடக்கப் பயிற்சி தரும் தூலியாவிடம் அனுப்பினார்கள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். திரையில் என் நாடி கோடாக ஓடியது. அலைபோல் ஏறி இறங்கினால் உடம்பு அடங்குகிறதாம். என் கோடு முள்வேலி.

"கண்ண மூடுங்க இர்மெலி. காட்டுக்குள்ள நிக்கிறீங்க."

ஒலிபெருக்கியிலிருந்து பறவைச் சத்தம் வந்தது. கோடு எகிறியது.

"என்ன ஆச்சு?"

"இருபத்தாறு வருஷம் மரம் வெட்டுற மெஷின் ஓட்டினவ நான். காடுன்னா வேலை, கொசு. எத முதல்ல சாய்க்கலாம்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லயே!"

"எல்லாம் டவுன்காரங்களா இருப்பாங்க."

சிரித்துவிட்டாள். "உங்களுக்கு எங்கதான் அடங்கும்?"

"ஏரியில. ஐஸ உடைச்ச குழியில, குளிர்காலம் பூரா தினமும் இறங்குவேன். இந்த வருஷம்தான் கூடாதுன்னுட்டாங்க."

"இறங்கும்போது என்ன பண்ணுவீங்க?"

"திட்டுவேன்."

"திட்டுங்க."

பெர்கெலே. சாத்தானின் பெயர்; எங்கள் ஃபின்லாந்தில் இதைவிடக் கனமான வசவு கிடையாது. நடுவில் நாக்கை உருட்டி, மூச்சு தீரும்வரை இழுத்தேன். கோடு மெல்ல இறங்கியது. மறுபடி இழுத்தேன். முள் மழுங்கி அலையானது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஒண்ணுமில்ல, பயிற்சி நடக்குது" என்றாள் தூலியா. பிறகு என்னிடம், "முகமூடிக்குள்ள வாயத் திறக்க முடியாது. மனசுக்குள்ள திட்டுங்க. மூச்சு மட்டும் இதே நீளம். நிமிஷத்துக்கு ஆறு."

பத்து நிமிடத்துக்கு அறுபது.

மறுநாள் பூட்டுகள் விழுந்தன. கை தானாக எழப் பார்த்தது. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு தொடங்கினேன். முதல் பத்து முகமூடிக்கு. அடுத்த பத்து மருத்துவருக்கு. மற்றதெல்லாம் கட்டிக்கு.

முகமூடியைக் கழற்றினார்கள். "முடிஞ்சிருச்சு, இர்மெலி. எழுந்திருக்கலாம்."

"அம்பத்து மூணுதான் ஆச்சு" என்றேன். "பொறுங்க."

வாயைத் திறந்து மீதி ஏழையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.