மணலுக்குப் போட்ட சக்கரம்

"மணல்ல பறக்கோணும் அம்மிணி. அந்த மாதிரி டயரு இருக்குதா?"

கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் அர்த்தநாரி கேட்டது இதைத்தான். மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் தாம்புக்கயிறு மொத்தத்துக்கு ஒரு சங்கிலி. பின்னாலேயே இன்னொரு டர்ட் பைக்கில் வந்து இறங்கினான் அவனுடைய கையாள் தீர்த்தகிரி. ஆள் பீரோ மாதிரி இருந்தான்.

ரிஹானா குனிந்து இரண்டு வண்டிகளின் பின்சக்கரத்தையும் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதைப் போட்டுக்கிட்டா மணல்ல எறங்குனீங்க? இது கல்லுத் தரைக்குங்க. பட்டன் எல்லாம் குட்டை குட்டையா, நெருக்கமா இருக்குது பாருங்க. மணலு இடுக்குல அடைச்சுக்கும். அப்பறம் சக்கரம் சுத்தும், வண்டி நவுராது."

"அதேதானுங்கண்ணா நடந்துச்சு..." என்று ஆரம்பித்த தீர்த்தகிரி, அர்த்தநாரி திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

பரமத்தி வேலூர் பைபாஸிலிருந்து காவிரிக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது அந்தக் கடை. நாமக்கல், கரூர், சேலம் என்று எங்கெல்லாம் டர்ட் பைக் ஓட்டுகிறார்களோ அங்கிருந்தெல்லாம் டயருக்கு இங்கேதான் வருவார்கள். ஓட்டிப் பார்ப்பது இம்தியாஸ். மாட்டுவது அவன் மனைவி ரிஹானா. சேலத்தில் லாரி டயர் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். டயரை நெம்பும் இரும்பு லீவரைக் கரண்டி மாதிரிப் பிடிப்பாள்.

சுவரில் தொங்கிய சக்கரங்களில் இரண்டை இறக்கினாள். டயரில் உயரமான பட்டன்கள், விரல் போகும் இடைவெளி. ஒவ்வொன்றும் மணலைக் கோரித் தள்ளுகிற அகப்பை.

"டயரைக் கழட்டி மாட்டுனா நேரமாகுமுங்க. சக்கரத்தோட மாத்திக்கலாம்."

"சீக்கிரம் ஆகோணும். அவ்வளவுதான்."

முதலில் அர்த்தநாரியின் வண்டி. ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளிச் செயினை இறக்கினாள். ஆக்ஸிலை உருவியதும் சக்கரம் கையோடு வந்தது. புதுச் சக்கரத்தை ஏற்றி, செயினின் தொய்வைப் பார்த்து முடுக்கினாள். மணலுக்கு வேண்டிய அளவு காற்றை இறக்கினாள். கடைசியாக ரிம் லாக்கை இறுக்கினாள். குறை சொல்ல முடியாத வேலை. தட்டிக் கொடுக்காத குறையாகப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டிக்கு நகர்ந்தாள்.

"எங்க ஓட்டப் போறீங்க?"

"நம்ம ஆத்துலதான்." அர்த்தநாரி சாவகாசமாகச் சொன்னான். "போன வாரம் ஒருத்தன் எங்களை மணல்ல நாய் மாதிரி சுத்த உட்டுட்டுப் போயிட்டான். பச்சை வண்டி. மூஞ்சியைப் பாக்க முடியல, ஹெல்மெட்டு. இன்னிக்கும் எறங்கியிருக்கான்னு இப்பத்தான் போன் வந்துச்சு."

"ரேசுங்களா?"

"ரேசுதான். தோத்தவனை அங்கயே பொதைச்சிருவோம்."

தீர்த்தகிரி வயிறு குலுங்கச் சிரித்தான்.

ரிஹானாவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

பச்சை வண்டி இம்தியாஸுடையது. போன வாரம் ஆற்றில் பயிற்சிக்குப் போனவன் வெளிறிப்போய்த் திரும்பினான். இரண்டு பேர் மணலில் குழி வெட்டி ஒரு ஆளைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டான். மணல் லாரியை மறித்த நாளிலிருந்து காணாமல் போயிருந்த தலையாரிதான் அந்த ஆள். 'இடத்தைக் காட்டாம போலீஸ்கிட்டப் போனா நம்மளத்தான் கேள்வி கேப்பாங்க' என்று, இன்று காலை இடத்தை அடையாளம் பார்க்கக் கிளம்பியிருந்தான். தனியாக.

அவனைக் கொல்லப் போகிறவனுக்குத்தான் அவள் இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துச் சக்கரம் மாட்டியிருக்கிறாள்.

"என்ன அம்மிணி, கை நின்னு போச்சு?"

"நட்டு இறுகிக் கெடக்குதுங்க."

தீர்த்தகிரியின் பின்சக்கரத்தை ஏற்றினாள். ரிம் லாக் என்பது, டயர் தனியாகவும் ரிம் தனியாகவும் சுற்றிவிடாமல் உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கும் ஒரு கவ்வி. காற்றைக் குறைத்து ஓட்டுகிறவனுக்கு உயிரே அதுதான். அது தளர்ந்தால், ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற முறுக்கில் ரிம் டயருக்குள் நழுவித் திரும்பும். டியூப்பின் வால்வு வேரோடு பிய்ந்துவிடும். ரிஹானா இறுக்குகிற பாவனையில் அந்த நட்டை எதிர்ப்பக்கம் திருப்பினாள். ஸ்பேனரைத் தொளதொளச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இனி மற்றவன் வண்டி.

"உங்க வண்டில காத்து இன்னொருக்கா பாக்கோணுமுங்க."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே போன அர்த்தநாரி, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தான். பச்சை வண்டி. ஹெல்மெட்டைக் கையில் பிடித்து இளித்துக்கொண்டு இம்தியாஸ். பக்கத்தில் ரிஹானா.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்குது" என்றான் அர்த்தநாரி.

அவள் டயர் லீவரைப் பிடித்து அவன் மேல் விளாசினாள். குறுக்கே பாய்ந்த தீர்த்தகிரியின் வாயில் விழுந்தது அடி. இரண்டு பல் சிமெண்டுத் தரையில் சிதறியது. மறுபடி ஓங்குவதற்குள் அர்த்தநாரியின் புறங்கை அவள் கன்னத்தில் இறங்கியது. சுவரில் மோதி விழுந்தவளின் வயிற்றில் ஒரு உதை. மூச்சு நின்று திரும்ப வந்தது.

"கொன்னுரட்டுங்களாண்ணா?" ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கேட்டான் தீர்த்தகிரி.

"கூறு கெட்டவனே. போன வாரம் அவன் ஏன் தப்பிச்சான்? ஓடுனான், தப்பிச்சான். இவளைப் பாத்தா ஓடுவானா?"

அவளுடைய போன் அர்த்தநாரியின் சட்டைப்பைக்குள் போனது. அவளைத் தீர்த்தகிரியின் பின்னால் உட்காரவைத்து, கைகளை அவன் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து துப்பட்டாவால் மணிக்கட்டைக் கட்டினார்கள். தன் கையாலேயே தளர்த்திவிட்ட சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போனாள் ரிஹானா.

வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே மண் தடம். அதை அடுத்து வாழைத் தோப்பு. தீர்த்தகிரி மெதுவாகத்தான் ஓட்டினான். டயர் தாங்கியது. 'இப்ப வேண்டாம். மணல்ல எறங்கட்டும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆறு வந்தது. மேட்டூரில் தண்ணீரை அடைத்துவிட்ட மாசம். கண்ணுக்கு எட்டிய மட்டும் மத்தியான வெயிலில் வெந்துகொண்டிருந்த மணல். அக்கரை ஓரமாக ஒரு பச்சைப் புள்ளி.

அர்த்தநாரியின் வண்டி மணலில் இறங்கியது. இறங்கவில்லை, மிதந்தது. அவள் மாட்டிய சக்கரம் மணலை விசிறியடித்துக்கொண்டு பறந்தது. சட்டைக்குள் முதுகில் செருகியிருந்த வீச்சரிவாள் இப்போது அவன் இடது கையில் மின்னியது.

பச்சைப் புள்ளி நகர்ந்தது. இம்தியாஸ் பார்த்துவிட்டான். ஒரு நொடி, எதிர்ப்பக்கம் திரும்பினான். பிறகு இரண்டாவது வண்டியில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். நேராக இவர்களை நோக்கி வந்தான்.

"வராதீங்க! ஓடிருங்க!" ரிஹானா தொண்டை கிழியக் கத்தினாள்.

"கத்து, நல்லாக் கத்து" என்று தீர்த்தகிரி கைப்பிடியை முழுக்க முறுக்கினான்.

அடியில் 'படார்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. வண்டி குறுக்கே திரும்பி இருவரையும் தூக்கி எறிந்தது. தீர்த்தகிரி முகம் குப்புற விழுந்தான். கட்டிய கையோடு அவள் அவன் முதுகில் விழுந்தாள். அவன் எழ முயன்றான். அவன் காதைப் பல்லால் கவ்வி இழுத்தாள். வாயெல்லாம் உப்பு. அலறத் திறந்த அவன் வாய்க்குள் மணல் போனது. நெற்றியால் அவன் பிடரியை முட்டி முட்டி அழுத்தினாள். அந்த மலையான உடம்பு துள்ளியது, இருமியது, அப்புறம் துவண்டது. கட்டியிருந்த கைகளை அவன் தலைவழியாக உருவிக்கொண்டு எழுந்தாள். அவன் மூக்கிலிருந்து மூச்சு சீறிக்கொண்டிருந்தது. எழுந்து வர அவனால் ஆகாது. வலது கால் முட்டிக்குக் கீழே வேறு திசையைப் பார்த்துக் கிடந்தது.

மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டே திரும்பினாள்.

இம்தியாஸை அர்த்தநாரி வட்டமடித்துக்கொண்டிருந்தான். வட்டம் சுருங்கியது. அரிவாள் ஒரு முறை எழுந்து இறங்கியது. இம்தியாஸ் இடது கையைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு சாய்ந்தான்.

ஓடினால் போய்ச் சேர முடியாத தூரம். ரிஹானா வண்டியை நிமிர்த்தினாள். டயரில் காற்று இல்லை. இல்லாவிட்டால் என்ன, மணலில் சப்பையான டயரும் ஓடும், ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தால். சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து ரிம் லாக்கை முழு பலத்தையும் போட்டு முடுக்கினாள். ஸ்டார்ட் ஆனது. முறுக்கினாள். வண்டி கிழட்டு எருமை மாதிரி அசைந்து, பிறகு கிளம்பிவிட்டது.

அர்த்தநாரி இரண்டாவது வெட்டுக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். சத்தத்தைக் கேட்டுத் தீர்த்தகிரி வருகிறான் என்று நினைத்திருப்பான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் முழங்காலைக் குறிவைத்து முன்சக்கரத்தை விட்டாள்.

எலும்பு உடைந்த சத்தம் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டது.

இருவரும் இரண்டு வண்டிகளுமாக மணலில் சிதறினார்கள். அர்த்தநாரி ஊர்ந்தான். அரிவாள் அவன் கைக்கு எட்டப் போகிற நேரத்தில் அவள் அந்தக் கையின் மேல் ஏறி மிதித்தாள். அவன் மறுகையால் அவள் காலைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். மேலே புரண்டு தொண்டையைப் பிடித்தான். கண் இருட்டியது. ரிஹானாவின் தலைமாட்டிலேயே இருந்தது, சாய்ந்து கிடந்த வண்டியின் கொதிக்கும் சைலன்சர். அவன் சட்டையைப் பிடித்து, முகத்தை அதன்மேல் இழுத்து வைத்து அழுத்தினாள். தோல் பொரிந்தது. பிடி விட்டது.

அரிவாள் இப்போது அவள் கையில்.

"சாமி... உட்டுரு சாமி... கும்புடறேன் சாமி..." உடைந்த காலை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான் அர்த்தநாரி.

"அந்தத் தலையாரியும் இப்படித்தானே கும்புட்டிருப்பாரு?"

ஓங்கினாள். அவளைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. அவளுக்கும் நிறுத்துகிற எண்ணம் இல்லை.

"ரிஹா." இம்தியாஸின் குரல் பாதிதான் வந்தது. "ரத்தம் நிக்க மாட்டேங்குது."

அரிவாளைத் தூக்கி ஆற்றின் நடுவே தேங்கியிருந்த குட்டையில் எறிந்தாள். அர்த்தநாரியின் பையிலிருந்து தன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். சட்டைக் கையைக் கிழித்து, வெட்டுக்கு மேலே ஸ்பேனரை வைத்து முறுக்கிக் கட்டினாள். இம்தியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "நட்டு முடுக்கற மாதிரியே முடுக்கறியே..." என்றான்.

"பேசாம இருங்க. தூங்கிறாதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

"பேசட்டுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லு."

அவனுடைய வண்டியின் கைப்பிடி வளைந்து கிடந்தது. அவள் வந்த வண்டியில் காற்று இல்லை. ஆற்றைத் தாண்டி ரோடு வரைக்கும் ஓடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அர்த்தநாரியின் வண்டியைத் தூக்கி நிறுத்தி, புருஷனைத் தன் முன்னால் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கைகளை அணை கொடுத்துக் கிளம்பினாள். பின்னால் ஒரு ஆள் 'சாமி, சாமி' என்று கத்துவது கொஞ்ச தூரம் கேட்டது.

பரமத்தி வேலூர் கடைத்தெருவில் பட்டன் டயர் தாரில் உறுமிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பஸ்கூட ஒதுங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் ஓடிவந்து இம்தியாஸை வாங்கிக்கொண்டார்கள். அவளை உள்ளே விடவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. கதவு திறந்து டாக்டரம்மா வந்ததும் ரிஹானா எதிரே ஓடினாள்.

"நல்லவேளை இறுக்கிக் கட்டிக் கொண்டாந்தீங்க. பொழைச்சுக்குவாரு. உங்க மூஞ்சியிலயும் ரத்தம் இருக்குதும்மா, உக்காருங்க."

"இது என்னோடது இல்லீங்க."

வெளியே வந்து, கீறல் விழுந்த போனில் நூறுக்கு அடித்தாள். எடுத்தவர் என்ன விஷயம் என்று சலிப்போடு கேட்டார்.

"வேலூர் ஆத்துல, அக்கரைப் பக்கமா ஆளுங்க கெடக்கறாங்க சார்."

"எத்தனை பேரும்மா?"

"மூணு பேருங்க. மணலுக்கு மேல ரெண்டு பேரு. அடியில ஒருத்தரு."