எட்டாவதையும் அவனே போடட்டும்

அன்று காலை ஆறரை மணிக்கு டோலியின் பாரில் இருந்தவர்கள்: கடையின் சொந்தக்காரி டோலி பாவ்லிக், அலுமினிய வார்ப்படத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லானி பீச்சம், மூன்றாம் உலையில் நிற்கும் எட்வின் ஓச்சோவா, எங்கள் ஷிப்டின் மேஸ்திரியும் முந்தின இரவு பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிந்த கோரியின் அப்பாவுமான ரே ஹுடாக், அப்புறம் நான். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன் என்பதால் எனக்கு இவர்கள் வைத்த பெயர் காலேஜ். பத்து வருடமாக அந்தப் பெயர்தான். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது.

எங்கள் வேலை மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை. ஊரே ஆட்டம் பார்க்கும் நேரத்தில் நாங்கள் உருகிய உலோகத்துக்கு முன்னால் நின்றிருப்போம். டோலி ஆட்டத்தைப் பதிவு செய்து வைப்பாள். மறுநாள் காலை முட்டை, சாசேஜ், பியர் என்று உட்கார்ந்து, அப்போதுதான் நடக்கிற ஆட்டம்போலப் பார்ப்போம். ஒரே ஒரு சட்டம் உண்டு. முடிவு யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. உள்ளே போனைக் கொண்டுபோகத் தொழிற்சாலையே விடாது என்பதால் அது சுலபம். வெளியே வந்த பிறகும் பெரிய தொடர் நடக்கும் நாட்களில் யாரும் போனைத் தொடுவதில்லை. ரே தன்னுடையதை அணைத்து வண்டியின் முன்பெட்டியில் போட்டுவிடுவார். ஒருமுறை பெயின்ட் பிரிவுக்காரன் ஒருவன் பார்க்கிங்கில் வாய்தவறி ஸ்கோரைச் சொல்லிவிட்டான். லானி அவனோடு நான்கு மாதம் பேசவில்லை.

நான் மூன்று வருடமாக ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பூட்ஸுக்குள் ஒரு சின்ன போன். சாப்பாட்டு இடைவேளையில் கழிப்பறைக்குப் போய் ஆட்டம் முழுவதையும் ஒவ்வொரு பந்தாகப் படித்துவிடுவேன். காலையில் இவர்களோடு உட்கார்ந்து, இவன் இப்போது மட்டையை வீசமாட்டான், சும்மா நீட்டித் தட்டிவிட்டு ஓடப்போகிறான் என்பேன். அப்படியே நடக்கும். மூன்றில் ஒன்றை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லவும் பழகியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வரும். ஏன் செய்தேன் என்றால், இவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பது அந்த மூன்று மணி நேரம்தான். உலைக்கு முன்னால் நான் கருவியை வைத்து அளவு பார்க்கும் ஓர் ஆள். பாரில், அடுத்து என்ன என்று லானியே என்னைக் கேட்பான். லானி யாரையும் எதையும் கேட்காதவன்.

அன்று இரவு பன்னிரண்டே முக்காலுக்கும் வழக்கம்போலப் படித்தேன். ஐந்து ஆட்டத் தொடரில் நான்காவது. நம்மவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார்கள். வெளியூர் மைதானம், மூன்று மணி நேரத் தொலைவு. எட்டாவது இன்னிங்ஸில் இரண்டாவது பேட்டர் அடித்த பந்து நேராகத் திரும்பி வந்து கோரியின் முகத்தில் பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இடது கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்திருக்கிறது. காலையில் அறுவை சிகிச்சை. பார்வையைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை. இவ்வளவும் நான்கு வரிச் செய்தியில் இருந்தது. அப்பாவைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று அதில் இல்லை. அது எனக்குத் தெரிந்த ஐந்தாவது வரி. கோரியின் அம்மா பிரிந்துபோய் ஃபுளோரிடாவில் இருக்கிறாள். வேறு யாரும் கிடையாது.

கழிப்பறையிலிருந்து வந்தபோது ரே எனக்கு எதிரில் நின்று அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். போன் வைத்திருந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் வேலை போவதைப் பற்றி நான் நினைக்கவில்லை.

ஆகவே அன்று காலை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முதல் மூன்று இன்னிங்ஸுக்குள் இரண்டு தடவை சிகரெட் பிடிக்க வெளியே போனேன். பார்க்கிங்கில் ரேயின் வண்டி நின்றது. அதன் கண்ணாடி வழியாக முன்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அணைத்துவைத்த போன் எத்தனை அழைப்பைத் தவறவிட்டாலும் சத்தம் போடாது. உள்ளே திரும்பியபோது என் முட்டை ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டேன். பசி இருந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

கோரி நன்றாகத்தான் எறிந்தான். இருபத்தேழு வயது. இந்தக் கீழ்மட்ட லீகில் நான்காவது வருடம். இந்த வருடம் மேலே தூக்கிவிடவில்லையென்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேல்மட்டக் குழுவின் ஆட்கள் இருவர் இந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று ரே வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மகன் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் வலது தோளை லேசாக அசைத்துக்கொண்டிருந்தார். பியரைத் தொடவில்லை.

ஐந்தாவதில் சண்டை வந்தது. எதிரணி ஆள் மூன்றாம் பேஸில் நிற்கிறான், ஒருவன்தான் அவுட். நம் மேனேஜர் உள்வட்டத்து ஆட்களை முன்னால் கூப்பிடாமல் பின்னாலேயே நிற்கவைத்தார். பந்து இரண்டாம் பேஸ்காரனிடம் உருண்டு போக, அவன் அடித்தவனை முதல் பேஸில் அவுட்டாக்கினான். மூன்றாம் பேஸில் நின்றவன் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டான். ஓச்சோவா இது பயந்தாங்கொள்ளி ஆட்டம் என்றான். உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, கெட்சப் பாட்டில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, நாலு பேரும் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று நகர்த்திக் காட்டினான். லானி கெட்சப்பைப் பழைய இடத்துக்கே தள்ளிவைத்தான். முன்னால் நிற்பவனைத் தாண்டிப் பந்து போனால் ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும், ஐந்தாவதிலேயே எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்ப்பவன் ஒன்பதாவதில் கோவணத்தோடு நிற்பான் என்றான். டோலி, ரெண்டு பேரும் சேர்ந்து மேசையைத் துடைத்துவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள் என்றாள்.

"காலேஜு, என்னடா இன்னிக்கு வாயத் தொறக்க மாட்டேங்கற?" என்றான் ஓச்சோவா. "குருவி செத்துப்போச்சா?"

என் காதில் ஒரு குருவி வந்து சொல்லிவிட்டுப் போகிறது என்பது அவர்களுடைய பழைய கிண்டல். தலைவலி என்றேன்.

ஆறாவதும் ஏழாவதும் போயின. இடைவெளிகளை டோலி வேகமாக ஓட்டிவிடுவதால் ஆட்டம் ஓட்டமாக ஓடியது. ஏழாவது முடியும்போது கோரி தொண்ணூற்று நான்கு பந்து எறிந்திருந்தான். நம்மவர்கள் இரண்டு ரன், அவர்கள் ஒன்று. லானிக்கு முதல் தடவையாகக் கவலை வந்தது. பையனின் தோள் இறங்குகிறது, எறிந்து முடித்ததும் முதல் பேஸ் பக்கமாக விழுகிறான், கையுறை முட்டிக்குப் பின்னால் போய்விடுகிறது, போதும், எடுத்துவிட வேண்டும் என்றான். ஓச்சோவாவும் ஒத்துக்கொண்டான். அது அபூர்வம். கோரிக்குப் பதிலாக எறிய வெளியே இடதுகைக்காரன் ஒருவன் தயாராகிக்கொண்டிருந்ததைத் திரை காட்டியது.

ரே திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எட்டாவதையும் அவனே போடட்டும்."

"தொண்ணூத்தி நாலு ரே," என்றான் லானி. "கை என்ன இரும்பா?"

"அந்த ரெண்டு பேரு என்ன, ஏழு இன்னிங்ஸ் பாக்கவா வந்திருக்கானுங்க? எட்டாவது போட்டான்னாதான் மதிப்பு. எம்புள்ளைய எனக்குத் தெரியும். இப்ப எடுத்தா மேனேஜர் மடையன்." பிறகு என் பக்கம் திரும்பினார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. "நீ சொல்லு தம்பி. அவனே போடணுமா வேணாமா?"

நான் திரையைக் காட்டினேன். எட்டாவது தொடங்க, பந்தெறிபவன் நிற்கும் மேட்டை நோக்கி மேனேஜர் நடந்தார். கோரி பந்தைக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு தலையை ஆட்டினான், வேண்டாம், நான் போடுகிறேன் என்று. மேனேஜர் அவன் தோளில் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். ரே மேசையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். உப்புக் குப்பி சாய்ந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. முதல் பேட்டர் அவுட்டானான். இரண்டாவது பேட்டர் வந்து, கால் அகட்டி, மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கினான்.

டோலியின் கைக்குப் பக்கத்தில் இருந்த ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். கோரி ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றான்.

"ரே, கெளம்புங்க. கோரிக்கு அடிபட்டிருக்கு. இந்தப் பந்துதான். திரும்பி வந்து மூஞ்சில படும்."

 லானி முகம் கடுத்து, எதை வைத்து விளையாடுவது என்று ஒரு அளவு இருக்கிறது, ஊகம் சொல்வதற்கும் ஒரு எல்லை உண்டு என்றான். ரே சிரிக்கக்கூட முயன்றார். உனக்குத் தலைவலி அதிகமாகிவிட்டது என்றும், ரிமோட்டை டோலியிடம் கொடு என்றும் சொன்னார். அவர்கள் என்னை நம்பவில்லை. ஊகித்துச் சொல்பவன் என்று மட்டும்தான் என்னை நம்பினார்கள். நானே கட்டிவைத்த நம்பிக்கை.

"ஊகம் இல்ல," என்றேன். "ராத்திரி படிச்சேன். பூட்ஸுல போன் வெச்சிருக்கேன். எப்பவும் படிச்சிட்டுத்தான் வருவேன். கண்ணுக்குக் கீழ எலும்பு ஒடஞ்சிருக்கு. காலையில ஆபரேஷன். அங்கயே ஆஸ்பத்திரில இருக்கான். தனியா இருக்கான்."

பூட்ஸைக் கழற்றி போனை எடுத்து மேசையில் வைத்தேன். லானிதான் எடுத்துப் படித்தான். அவன் உதடுகள் அசைந்தன. படித்து முடித்து ரேயிடம் நீட்டினான். ரே வாங்கவில்லை.

"எத்தன மணிக்குப் படிச்ச?"

"பன்னண்டே முக்காலுக்கு."

அவர் பார் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐந்து. அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. ஒரு மணிக்குக் கிளம்பியிருந்தால் நாலு மணிக்கு அங்கே இருந்திருப்பார்.

"அளவு சரியா இருக்கான்னு கேட்டேன்," என்றார் மெதுவாக. "இருக்குன்ன."

ரே எழுந்தார். ஜாக்கெட்டை எடுத்து இடது கையை வலது கைக்கானதில் நுழைத்தார். திரும்பக் கழற்றி மாட்டினார். சட்டைப் பையில் சாவியைத் தேடினார், கால்சட்டைப் பையில் தேடினார், சாவி மேசையிலேயே கிடந்தது. லானி அதை எடுத்துக்கொண்டு, நான் ஓட்டுகிறேன், நீ போனைப் போட்டுப் பேசிக்கொண்டு வா என்றான். இருவரும் போனார்கள். நடக்கும்போது லானியின் கை ரேயின் முதுகில் இருந்தது.

ஓச்சோவா எழுந்திருக்கவில்லை. திரையில் ஒற்றைக் காலில் நின்ற கோரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப போன மாசம் பதிமூணாவது இன்னிங்ஸு வரைக்கும் இழுத்துச்சே, அந்த ஆட்டம்," என்றான். "மூணாவது பேஸ்காரன் பந்தத் தவறவிடுவான்னு சொன்னியே. எழுந்து நின்னு உன்னைக் கட்டிப் புடிச்சேனே."

"ஆமா."

"அதுவுமா?"

"அதுவும்."

அவன் தலையை ஆட்டினான். கோபம் இல்லை. மட்டமான சாமானை நல்ல விலைக்கு வாங்கிவிட்டவனின் முகம். சாய்ந்து கிடந்த உப்புக் குப்பியை நிமிர்த்தி வைத்தான். கெட்சப்பை, மிளகை, ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் ஓரத்தில் ஒழுங்காக வைத்தான். அவன் கையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ரேயின் தொப்பி நாற்காலியில் கிடந்தது. நீலத் தொப்பி, கோரியின் அணியுடையது, நெற்றிப் பட்டையில் வியர்வை உப்புப் பூத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு பூட்ஸோடு வெளியே ஓடினேன். வண்டி ஏற்கெனவே ஏரிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் ரேயின் தலை குனிந்திருப்பது தெரிந்தது. போனை ஆன் செய்துவிட்டு அதற்கு உயிர் வருவதற்காகக் காத்திருந்திருக்க வேண்டும். கையை உயர்த்தினேன். எதற்கென்று தெரியவில்லை. தொப்பிக்காக அவர்கள் நிறுத்தப்போவதில்லை.

வெயில் ஏறியிருந்தது. எதிர்ப்புறம் பள்ளிப் பேருந்து ஒன்று நின்று கிளம்பியது. பகல்காரர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலுறை வழியாகச் சரளை குத்த, நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன். எனக்குப் போக இடம் என்று இருந்தது அந்தக் கதவுதான்.

டோலி கதவை ஒட்டி நின்றிருந்தாள். ஒரு கையில் என் பூட்ஸ், அதற்குள் என் போன். பூட்ஸை என் காலடியில் வைத்தாள். சாப்பிட்டதற்கு எவ்வளவு என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். என் கையிலிருந்த தொப்பிக்காகக் கையை நீட்டினாள், கொடுத்தேன். நெற்றிப் பட்டையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கு," என்றாள், என்னைப் பார்க்காமல். "முடிவு எங்களுக்குத் தெரியாது."

கதவு மூடியது. சாவி உள்ளே ஒருமுறை திரும்பியது, பிறகு இன்னொரு முறை.