மணி அடிக்கும் வரை

என் அப்பா முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். இப்போது என் பெயர் மறந்துவிட்டது, சாப்பிட்டது மறந்துவிடுகிறது, கேட் மட்டும் மறக்கவில்லை. "கேட் போட்டாச்சா?" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்பார். "போட்டாச்சுப்பா" என்று உடனே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று என்னைக் கேட்காதீர்கள், எண்ண ஆரம்பித்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

பகலில் நான் மருந்துக்கடையில் நிற்கும்போது பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருகிறார். மிச்ச நேரமெல்லாம் நான்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள், வாய் தவறியெல்லாம் இல்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன்: "போடல. நீயே போய்ப் போடு." போனார். வாசற்படியில் விழுந்தார். நெற்றியில் ஏழு தையல்.

அடுத்த வாரம் மாத்திரை வாங்க வந்த தையல்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். "புதன், சனி சாயங்காலம் அஞ்சரைக்கு நாங்க மூணு பேர் தியானத்துல உக்காருறோம். நீயும் வாம்மா" என்றார். அந்த நேரம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரவு ஷிப்ட் ஏழு மணிக்கு. "ஆறேகாலுக்கு நீ வீட்டுல இருக்கணும்" என்று சொல்லி ஒப்புக்கொண்டாள்.

பழைய டைப்ரைட்டிங் வகுப்பின் மாடி அறை அது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். தையல்காரம்மா, தபால்காரர், பல் டாக்டர், நான். போனையெல்லாம் அணைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஒருவர் கடிகாரம் பார்த்து அரை மணி ஆனதும் மணி அடிப்பார். அதுவரை மற்றவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது. பல் டாக்டர் இதில் ரொம்பக் கறார். அவரிடம் வாயைத் திறந்து உட்காருகிறவர்கள் பாடு எப்படியோ, எங்கள் பாடு இதுதான்.

மூச்சைக் கவனி என்பார்கள். நான் கவனித்ததெல்லாம் என் குதிகால் வலியைத்தான். வீட்டில் தனியாகவும் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டே நாள், அதோடு சரி. அங்கே என்றால் நான் போகாவிட்டால் ஒரு நாற்காலி காலியாக நிற்கும். அதற்காகவே போவேன். அந்த அரை மணி நேரம் என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் தவறாமல் போனேன். ஆறு மாதமும் அப்பாவிடம் எரிந்து விழவில்லை. எனக்குத் தெரிந்த பலன் அது ஒன்றுதான்.

போன புதன்கிழமை மணி என் முறை. மணியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது மணி ஏழு பத்து. மூன்று பேரும் கண்ணை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மணி அடிக்கவில்லையே.

கையில் மணியோடேயே ஓடினேன். அக்கா தோளில் பையோடு வாசலிலேயே நின்றாள்.

"பதினோரு தடவை போன் பண்ணேன்டி. என் வேலை போனா நீ சோறு போடுவியா? இனிமே உன் தியானத்துக்கு நான் காவல் இருக்க முடியாது." போய்விட்டாள். அவள் மேலும் தப்பில்லை.

மறுநாள் கடைக்கு வந்த தபால்காரரிடம் மணியைத் திருப்பிக் கொடுத்தேன். "இனி வரமாட்டேங்க" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"நீங்க குறட்டை விட்டது எங்களுக்குக் கேட்டுச்சும்மா. எழுப்ப மனசு வரல. தப்பு எங்க மேலயும்தான்" என்றார்.

அன்று ராத்திரியே அப்பாவிடம் கத்திவிட்டேன். போடல என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் பரவாயில்லை. ஆனால் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு என்னை நினைத்தே பயமாக இருந்தது.

சனிக்கிழமை அஞ்சரைக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் மூன்று பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியோடு.

"உன் வீட்டுல ஒரு நாற்காலியாவது இருக்கும்ல?" என்றார் தையல்காரம்மா.

"இங்க முடியாதுங்க. அப்பா கேட்டுக்கிட்டே இருப்பார்."

"கேக்கட்டும்" என்றார் பல் டாக்டர். "போனை டப்பாவுல போடு."

அப்பாவின் கட்டிலுக்கு அடுத்த அறையில், கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். மணி டாக்டர் கையில். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"கேட் போட்டாச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "போட்டாச்சுங்க" என்றார் தபால்காரர். கொஞ்ச நேரத்தில் அப்பா மறுபடியும் கேட்டார். "போட்டாச்சுய்யா" என்றார் தையல்காரம்மா. அடுத்தது டாக்டர். அப்புறம் மறுபடி தபால்காரர். மூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்லி நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை. கேட்கக் கேட்க என் தோள் தானாக இறங்கியது.

அரை மணி ஆனது. டாக்டர் மணி அடித்தார்.

உள்ளே கட்டில் கிரீச்சென்றது. பயந்துபோனேன். ஆனால் அப்பா எழுந்திருக்கவில்லை.

"வண்டி போயிடுச்சு" என்றார். "கேட்டத் திறந்து விடுங்க. பாவம், ஜனங்க நிக்குதுங்க."

அவர் திறக்கச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். "திறந்தாச்சுப்பா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மணி அடித்து முடித்த பிறகும் மூன்று பேரும் கண்ணைத் திறக்கவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.